லாச்சிக்குள் கிடக்கும் கடிதம்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் 55 முதல் 74 வயதுக்குள், எப்போதாவது சிகரெட் பிடித்தவர்களை நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அரசு மருத்துவச் சேவையே கூப்பிடுகிறது. காசில்லை. பல ஊர்களில் சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கிங்கிலேயே ஸ்கேன் லொறி வந்து நிற்கிறது, இதைவிட வசதி வேறென்ன! ஆனால் என் சித்தப்பா கடிதத்தை மடித்து லாச்சிக்குள் போட்டுவிட்டார். "நல்லாத்தானே இருக்கிறன், பிறகு ஏன் கிண்டிப் பார்க்கோணும்?"

2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்ததைச் சொன்னேன். அசையவில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, நோய்ப் பயம் பாதி என்றால் மீதி வெட்கம், 'நீயே தேடிக்கொண்டது' என்று டாக்டர் நினைப்பாரோ என்கிற கூச்சம், அதோடு போனில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களே என்ற தயக்கமும்.

கடைசியில் அவரை மாற்றியது நானோ புள்ளிவிவரமோ இல்லை, கூட வேலை செய்த நண்பர் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, "பத்து நிமிசமும் இல்லை, ஒருத்தரும் ஏசவில்லை" என்று சொன்னதுதான். அழைப்புக் கடிதத்திலேயே தமிழில் இந்த இரண்டு வரியைச் சேர்த்தால் என்ன?

– ஒரு வாசகர், லண்டன்