கடைசி மேடைக்கு முந்தைய கேத்லீன் ஃபெரியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலேயப் பாடகி கேத்லீன் ஃபெரியரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1953 பிப்ரவரியில் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோதே தொடையெலும்பு முறிந்தும் அவர் நின்றபடியே பாடி முடித்ததையும், அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று புற்றுநோயால் 41 வயதில் மறைந்ததையும் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அவை உண்மைதாம். ஆனால் கட்டுரையின் முக்கால் பங்கை அந்த எட்டு மாதங்களே பிடித்துக்கொண்டதால், அதற்கு முந்தைய உழைப்பெல்லாம் 'இயற்கை அள்ளிக் கொடுத்த குரல்' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டது.

லங்காஷையரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகளாக 1912இல் பிறந்த ஃபெரியர், 14 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்நாளில் அவர் பெயர் பெற்றது பாட்டால் அல்ல, பியானோவால். 1935இல், தொலைபேசியில் நேரம் சொல்லும் அஞ்சல் துறையின் 'பேசும் கடிகார'ச் சேவைக்கு நடந்த குரல் தேர்வில் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இயற்கை அள்ளிக் கொடுத்தது அஞ்சல் துறையின் காதில் விழவில்லை போலும். 1937இல் கார்லைல் இசைப் போட்டியில் பியானோவுக்குப் பெயர் கொடுத்திருந்தவர், பாட்டுப் போட்டியிலும் சேரத் துணிவுண்டா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டியதால் அதிலும் சேர்ந்து, இரண்டிலும் முதல் பரிசு பெற்றார்.

பந்தயத்தில் வென்ற கையோடு புகழ் வந்துவிடவில்லை. போர்க்கால பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று, தொழிற்சாலைத் தொழிலாளர்களின் முன்னிலையிலும் பாடினார். லண்டனுக்குக் குடிபெயர்ந்து, 1943இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டல் இசையமைத்த 'மெசையா'வில் பாடிப் பெயர் வாங்கிய பின்னும், பாடகர் ராய் ஹெண்டர்சனிடம் மாணவியாக அமர்ந்து மூச்சுப் பயிற்சியிலிருந்து கற்றார். சுரத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடுவதைக் கைவிட்டு மனப்பாடமாகப் பாடப் பழகியது அவரிடம்தான்.

1947இல் எடின்பரோ விழாவில் புரூனோ வால்டர் இசைக்குழுவை நடத்த, இசையமைப்பாளர் மாலரின் 'பூமியின் பாட'லைப் பாடியபோது, கண்ணீர் முட்டி இறுதிச் சொற்களைப் பாட முடியாமல் போனதை மென்மையான மனத்துக்குச் சான்றாகக் கட்டுரை காட்டுகிறது. இருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் அதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதைச் சேர்த்துப் படித்தால், தொழிலில் அவருக்கிருந்த கண்டிப்பும் தெரியும்.

ஒரு திருத்தமும் உண்டு. கான்ட்ரால்டோ என்பது கட்டுரை கூறுவதுபோல் 'ஆண்குரலில் பாடுவது' அன்று. பெண்குரல் வகைகளில் மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. இசைநாடக மேடையில் அவர் ஏற்றவை இரண்டே பாத்திரங்கள்: இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் படைத்த லுக்ரீஷியாவும், இசையமைப்பாளர் குளுக் படைத்த ஆர்ஃபியஸும். பின்னது ஆண் பாத்திரம் என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

அவர் 1949இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'ப்ளோ தி விண்ட் சதர்லி' என்ற நாட்டுப்பாடலைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. கடலுக்குப் போன காதலனைக் கரைசேர்க்கத் தென்காற்றை வேண்டும் பெண்ணின் பாட்டு அது. பக்கவாத்தியம் ஏதுமின்றி, சுருதி பிசகாமல், அடுத்த அடிக்கு மூச்சை எங்கே எடுக்கிறார் என்று காது தேடும்படி பாடியிருக்கிறார். அவரைப் பற்றி மீண்டும் எழுதும்போது அந்தப் பதிவிலிருந்து தொடங்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்