சனிக்கிழமை நூதனசாலைக்குப் போகிறோம்

உறவுகளே, வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு, திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள கடற்படை வரலாற்று நூதனசாலை வாசலில் சந்திப்போம். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். சுவர்களின் தடிப்பைத் தொட்டுப் பார்க்கவே ஒருதரம் போகலாம்.

1782இல் மட்டும் நம் துறைமுகம் இரண்டு தரம் கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர். அதைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்தே சொல்ல வேண்டும்.

மூத்தவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று, அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடியதாக என் அம்மம்மா சொல்லுவா. அப்படிக் கதைகள் உங்கள் வீட்டிலும் இருக்கும், கேட்க ஆசையாக இருக்கிறது.

அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல் மறக்க வேண்டாம். வருபவர்கள் வியாழனுக்குள் இங்கே பேர் போடுங்கள்.