சுவர் தாண்டிய அவரை

திருநகர், மதுரை
தை 8

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். தினமும் ஒரு தடவை உறுத்தும், அப்புறம் மறந்துபோகும். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. நம்ம ஒட்டடைப் பயல் போன வாரம் வந்தான். அந்த நூறு ரூபாய்க் கணக்கை இன்னும் விடவில்லை, பாவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் முன்வாசல் சிமென்ட் தளத்தை உடைத்தேன் இல்லையா, 12 அடிக்கு 8 அடி? "வண்டி நிறுத்துற இடத்துல வயலா?" என்று உன் தங்கச்சி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டி, ஆடிப்பெருக்கன்று விதை போட்டேன். சிறுகீரை 25 நாளில் வந்து தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வெண்டைதான் காமெடி. ஆறு செடியில் ஒரு நாளைக்கு நாலு காய். அதை யாருக்கென்று கொடுப்பது? நாளைக்குச் சேர்த்துப் பறிக்கலாம் என்று விட்டால் மறுநாள் நுனி ஒடியாது, நார்தான்.

கொடி அவரை நாலு குழி போட்டிருந்தேன். புரட்டாசிக்குள் ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் ஒரு பூ இல்லை. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் வாசலில் நின்று "இலைக்கூட்டு வைக்கலாமே சார்" என்பார். செடி அவரை என்றால் எந்தப் பட்டத்திலும் காய்க்கும். கொடி அவரைக்குப் பகல் சுருங்கி, பனி இறங்கவேண்டும். கார்த்திகை கடைசியில் ஊதாக் கதிராகப் பூத்தது பார், வாத்தியார் வாயே திறக்கவில்லை. பின்னாலேயே அசுவினிப் பூச்சியும் வந்தது. கொழுந்து முழுக்கக் கருப்பாக அப்பிக்கொண்டு, அதைக் காவல் காக்க எறும்பு வரிசை வேறு. சாம்பல் தூவினேன், கேட்கவில்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைத்து அடித்த பிறகுதான் அடங்கியது.

இதையெல்லாம் விடு. கொடி வெயிலைத் தேடிக் கிழக்குச் சுவரைத் தாண்டிவிட்டது. கிழக்கு வீடு யாருடையது என்று உனக்குத் தெரியும். மழைத்தண்ணீர்ச் சண்டைக்கு அப்புறம் நாலு வருஷமாகப் பேச்சில்லை. முக்கால்வாசிக் காய் அந்தப் பக்கம்! ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து எண்ணியிருக்கிறேன். சிரிக்காதே.

போகியன்று காலையில் கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. உள்ளே ஒன்றரை கிலோ அவரைக்காய், பூங்கொத்து ஒடியாமல் பதமாகப் பறித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்குத் தீர்க்கிறாரா? உன் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பொங்கலன்று அந்தக் காயைப் போட்டே ஏழுகறிக் கூட்டு வைத்து, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மாட்டுப்பொங்கலன்று தூக்கு திரும்பி வந்தது, உள்ளே பத்துக் கைமுறுக்கு.

மறுநாள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "சார், இந்தப் பக்கமும் அசுவினி இருக்கு. என்ன அடிக்கிறீங்க?"

நாலு வருஷமாக அந்த ஆளிடம் சொல்ல எத்தனை வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன், உனக்கே ஒப்பித்துக் காட்டியிருக்கிறேனே! வாயில் வந்தது, "அஞ்சு மில்லி."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவுக்கு அவரைக்காய்ப் பொரியல்னா உசுரு" என்றார். அந்த அம்மா தவறியது போன வருஷம் மாசியில். சங்குச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், மாப்ள. துக்கத்துக்குப் போகவில்லை. தெருவே போனது. இத்தனை நாள் உன்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவர் வேறெதுவும் சொல்லவில்லை, நானும் ஹோஸைப் பிடித்தபடியே நின்றேன். தண்ணீர் பாத்தி வழிந்து வாசலுக்கு ஓடியதைக்கூட அவர்தான் காட்டினார்.

வரும் ஆடிக்கு அவரும் தன் பக்கம் இரண்டு குழி போடுகிறாராம். உங்கள் அம்மா வைத்திருந்தார்களே பட்டை அவரை, அந்த விதை இன்னும் இருக்கிறதா? இருந்தால் இரண்டு பொட்டலமாக அனுப்பு. நன்றாகக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி அனுப்பு. போன தடவை நீ அனுப்பிய பாகல் விதையில் விதையைவிட வண்டுதான் அதிகம்.

உன்,
மாப்ள