மாணவி வரைந்தது கற்பனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சியில், பிளஸ் டூ மாணவி ஒருத்தி வெளிச்சத்தைக் கொண்டே பாக்டீரியாவின் மரபணுவை நிறுத்தலாம் என்று சார்ட் வைத்திருந்தாள். குளச்சல் பக்கத்துப் பிள்ளை, தமிழ் வழியில் படிப்பவள். பாக்டீரியா வளர்க்கும் ஒரு பெட்ரித் தட்டு, அதற்கு மேலே சிவப்பு பல்பு, தட்டின் நடுவில் கறுப்பாக ஒரு சாளை மீன். எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில். நடுவர், “பாக்டீரியாவுக்குக் கண்ணா இருக்கு?” என்று கேட்டார், பதிலுக்கு நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மதிப்பெண் தாளில் ‘கற்பனை’ என்று குறிப்பு. பக்கத்தில் நின்ற எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் வரைந்தது 2005-லேயே நடந்தது. சான் பிரான்சிஸ்கோவிலும் டெக்சாஸிலும் உள்ள பல்கலைக்கழகக் குழுக்கள் செய்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். குடலின் இருட்டில் வாழும் எ.கோலை என்ற பாக்டீரியாவுக்குச் சிவப்பு ஒளியை உணரும் புரதம் கிடையாது. சைனெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசிக்கு உண்டு. நம் ஊரில் ரப்பர் நாற்றுக்கு ஒட்டுக் கட்டுவது மாதிரி, அந்தப் புரதத்தின் ஒளி உணரும் பகுதியை எடுத்து எ.கோலையின் சொந்தப் புரதம் ஒன்றின் பாதியோடு இணைத்தார்கள். ஒளியைப் பிடிக்க நிறமி வேண்டுமே. அதைத் தயாரிக்கும் இரண்டு மரபணுக்களையும் பாசியிலிருந்தே கொண்டுவந்தார்கள். இருட்டில் லாக்-இசட் என்ற மரபணு வேலை செய்யும், அதனால் தட்டு கறுக்கும். சிவப்பு வெளிச்சம் பட்ட இடத்தில் அது நின்றுவிடும். எந்த உருவத்தின் நிழலைத் தட்டில் விழ வைக்கிறோமோ, அந்த உருவம் கறுப்பாகப் பதியும்.

லாக்-இசட் வேறெதுவும் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே லாக் ஓபரான், பால் சர்க்கரையைச் செரிக்க பாக்டீரியா வைத்திருக்கும் மரபணுத் தொகுதி, அதில் வருவதுதான். பாடத்தையும் ஆய்வையும் தானாகவே சேர்த்துப் பார்த்திருக்கிறாள் அந்தப் பிள்ளை. எத்தனை பெரிய விஷயம் அது!

கண் இல்லாமல் எப்படி என்றால், தோவாளைச் சந்தையில் வந்து குவியும் செவ்வந்தியைப் பாருங்கள். இரவு நீளும்போது அது மொட்டு வைப்பதிலும் பைட்டோகுரோம் என்ற இதே வகைப் புரதத்துக்குப் பங்கு உண்டு.

இதில் பயனும் இருக்கிறது. மரபணுவை முடுக்க வேதிப்பொருளும் ஊற்றலாம். ஆனால் ஊற்றியதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. விளக்கை நினைத்த நேரத்தில் அணைக்கலாம், வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கலாம். 2017-ல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி மரபணுக்கள் இயங்கும்படி செய்து, வண்ணப் படமே எடுத்துவிட்டார்கள்.

கண்காட்சியை நடத்திய கல்லூரி அந்த மதிப்பெண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும். நடுவராக வருகிறவர்கள், தெரியாத விஷயம் என்றால் பிள்ளையிடமே ஆதாரம் கேட்கட்டும். தமிழில் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு எழுதட்டும். அப்புறம், உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இந்த ஆய்வைப் படத்தோடு வெளியிட்டால், லாக் ஓபரான் நடத்தும் ஆசிரியர்கள் வகுப்புக்கே எடுத்துப் போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.