தேதிப் பலகையின் ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கம் பல வேலைகள் செய்தாலும், வெளியில் இருப்பவர்கள் நம்மை அறிந்திருப்பது வாசலில் உள்ள தேதிப் பலகையால்தான். வரலாற்றில் அன்றைய தேதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாலு வரியில் எழுதி வைக்கிறோம். போகிறவர் வருகிறவர் நின்று படிக்கிறார்கள். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தப் பலகையைப் பற்றியதே. மற்ற விவரங்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஆண்டு, இடம், எந்த நாட்காட்டிப்படியான தேதி என்ற மூன்றும் உறுதியாகாமல் எந்தக் குறிப்பும் பலகையில் ஏறக்கூடாது என்பதே அது. நாலு வரிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓராண்டு அந்த விதியோடு வேலை செய்த பிறகு, அது தேவை என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

ரஷ்யப் புரட்சியிலிருந்து தொடங்கலாம். அக்டோபர் புரட்சி என்கிறோம், ஆண்டு விழாவோ நவம்பர் 7. 1917-இல் ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டிதான் நடப்பில் இருந்தது. ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் அன்று காலை எழுந்தவருக்கு அது அக்டோபர் 25. மறு ஆண்டு புதிய அரசு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14 ஆனது. இடையில் இருந்த 13 தேதிகள் அந்த நாட்டில் அந்த ஆண்டு வரவே இல்லை.

இந்த மாற்றத்தின் தொடக்கம் 1582. ஜூலியன் ஆண்டின் நீளம் 365 நாளும் கால் நாளும். சூரியக் கணக்கைவிட இது ஏறத்தாழ 11 நிமிடம் அதிகம். அந்த 11 நிமிடம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போனதில் வசந்த காலச் சம இரவு நாள் மார்ச் 21-லிருந்து 10 நாள் நழுவிவிட்டது. அதைச் சரிசெய்யப் போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஆணையிட்டார். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகிய நாடுகளில் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்து அக்டோபர் 15 வெள்ளி வந்தது. கிழமை அறுபடவில்லை, தேதி மட்டும் தாவியது. பிரிட்டன் 170 ஆண்டுகள் தாமதித்து, 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 ஆக்கியது. கிரேக்கம் 1923 வரை மாறவில்லை. ஆக, 300 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் எல்லையைக் கடந்தால் தேதியும் மாறியது.

அக்டோபர் மாதக் கூட்டத்தில் நாட்காட்டி பற்றி நடந்த உரையில் உறுப்பினர்களை மிகவும் கவர்ந்தது நியூட்டன் விஷயம். கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தேதி இத்தாலியின் புதிய நாட்காட்டி, இரண்டாவது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி. இரண்டையும் புதியதில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் பழையதில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படி வைத்தாலும் ஒரே ஆண்டு வராது. இதைப் பலகையில் எழுதிய அன்று, ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினார். அவர்கள் பலகைக்கு முன்னாலேயே நின்று விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார்கள்.

ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் இதே கதைதான். ஷேக்ஸ்பியரின் தேதி ஆங்கிலக் கணக்கு. ஸ்பெயின் கணக்கில் அது மே 3. செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் செய்தது 23. அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாகக் கொண்டாடுவதில் எந்தக் குறையும் இல்லை. நாமும் கொண்டாடினோம். பலகையில் மட்டும் இருவரையும் தனித்தனி நாளில் வைத்தோம்.

நாட்காட்டி ஒரு பக்கம் என்றால் கடிகாரம் இன்னொரு பக்கம். நம் விதிப்படி நிகழ்ச்சி நடந்த இடத்தின் நேரமே கணக்கு. ஜூலை மாதக் கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, அப்படியானால் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததை எந்த நாளில் எழுதுவீர்கள் என்று கேட்டாள். இறங்குகலம் தரை தொட்டது 1969 ஜூலை 20. அவர் ஏணியில் இறங்கிக் கால் பதித்தபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அன்று இரவு 10.56. உலகப் பொது நேரப்படியோ 21 அதிகாலை 2.56, இந்தியாவில் 21 காலை 8.26. நிலவுக்கென்று ஒரு நேரம் கிடையாது. சரி, இதற்கு விதி போதாது என்று செயற்குழு ஒத்துக்கொண்டு, தரை தொட்டதை 20-லும் கால் பதித்ததை 21-லும் எழுதத் தீர்மானித்தது. இந்த ஆண்டின் சிறந்த கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

1941 டிசம்பரில் இதே சிக்கல் போர் வடிவில் வருகிறது. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதல் ஹவாயில் 7-ஆம் தேதி ஞாயிறு காலை. ஜப்பானில் அப்போது 8-ஆம் தேதி. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது 8-ஆம் தேதி நள்ளிரவு கழிந்ததும். தேதியை மட்டும் பார்த்தால் மலாயா ஒரு நாள் பிந்தியதாகத் தெரியும். உண்மையில் அதுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. சர்வதேசத் தேதிக்கோடு செய்யும் வேலை இது. ஐரோப்பாவில் போர் முடிந்த நாளை மேற்கு நாடுகள் 1945 மே 8 என்றும் ரஷ்யா மே 9 என்றும் கொண்டாடுவதற்கும் நேர வேறுபாட்டில்தான் காரணம் இருக்கிறது. பெர்லினில் ஒப்பந்தம் செயலுக்கு வந்தபோது மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது.

அப்புறம், ஆணை பிறந்த நாளும் அது மக்களை எட்டிய நாளும் வேறாக இருக்கும் நிகழ்ச்சிகள். இந்த வகைக்குத்தான் நான் அதிகம் வாதாடினேன். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1. டெக்சாஸின் கால்வெஸ்டனில் அமெரிக்கப் படைத் தளபதி அதை அறிவித்தது 1865 ஜூன் 19. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் கொண்டாடுவது ஜூன் 19-ஐ. இரண்டு நாளுக்கும் பலகையில் இடம் கொடுத்தோம். ஆனால் ஒரே இடம்தான் உண்டு என்றால் ஜூன் 19-க்கே கொடுப்பேன். கையெழுத்தான நாளைவிட விலங்கு கழன்ற நாள் பெரிது.

1947-ஐயும் இப்படியே எழுதினோம். ஆகஸ்ட் 15 எல்லோரும் அறிந்தது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு வெளியானது ஆகஸ்ட் 17. சுதந்திர நாளன்று தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே பல மாவட்ட மக்களுக்குத் தெரியாது. முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறியிருந்தன; எல்லைக்கோடு வெளியானதும் இரண்டும் மாறின. பலகையில் 17-ஆம் தேதிக் குறிப்பைப் படித்த பெரியவர் ஒருவர், இந்தத் தேதியை இத்தனை நாளாக யாரும் தனக்குச் சொன்னதில்லையே என்று வருத்தப்பட்டார்.

1918 நவம்பர் 11-க்கும் அப்படி ஒரு குறிப்பு எழுதினோம். முதல் உலகப் போரை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது விடிகாலை 5 மணி சுமாருக்கு. செயலுக்கு வருவது பகல் 11 மணி. இடையில் இருந்த ஆறு மணி நேரமும் சண்டை நடந்தது. அமெரிக்கப் படைவீரர் ஹென்றி குந்தர் 10.59-க்குச் சுடப்பட்டு இறந்தார். அந்த ஒரு நாளில் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 2,700-க்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கையெழுத்தான பிறகு, முடிந்துபோன போரில் போன உயிர்கள் அவை. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்து போக என்னால் முடியவில்லை.

ஒரே தேதி ஒரு நாட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நவம்பர் 9-க்கு முழு மாலை ஒதுக்கினோம். 1918-இல் அந்த நாளில் பெர்லினில் ஜெர்மானியக் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி அதே நாளில் முறிந்தது. 1938-இல் அந்த இரவு யூதர்களின் கோவில்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது.

1989 இரவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பயணத் தடை தளர்வு பற்றிக் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி மாலைச் செய்தியாளர் கூட்டத்தில் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனே என்றார். மறுநாளிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டியது அது. தொலைக்காட்சியில் கேட்ட மக்கள் எல்லைச் சாவடிகளுக்குத் திரண்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேசியும் தெளிவான உத்தரவு வரவில்லை. கூட்டமோ பெருகிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 11.30-க்கு அவர் தடுப்பைத் திறக்கச் சொன்னார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் நாம் நவம்பர் 10 என்று எழுதியிருப்போம். ஜெர்மனி தன் தேசிய நாளாக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1938-ஐ அருகில் வைத்துக்கொண்டு கொண்டாட முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். 1990-இல் இணைப்பு நடந்த அக்டோபர் 3 தேசிய நாளாயிற்று. அதை நான் மதிக்கிறேன்.

பலகையில் போரும் கொலையும் முடிசூட்டலும்தான் அதிகம் என்று உறுப்பினர்கள் சிலர் எழுத்து மூலம் குறை சொன்னார்கள். அது உண்மை, அதனால் வேறு வகை நாட்களைத் தேடினோம். 1796 மே 14 அன்று எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு, பெரியம்மையைத் தடுக்க, ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் மாட்டம்மைப் பால் குத்தினார். பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கையில் இருந்த கொப்புளத்திலிருந்து எடுத்தது அது. குறிப்பில் மருத்துவருக்கு முன்னால் அந்தச் சிறுவனின் பெயரும் பெண்ணின் பெயரும் வர வேண்டும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார், அப்படியே எழுதினோம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது 1980 மே 8. மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு குறிப்பும் வந்ததில், நோயின் கதை தொடக்கமும் முடிவுமாகப் பலகையில் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 1983 செப்டம்பர் 26. நள்ளிரவு கடந்த நேரம், மாஸ்கோவுக்கு அருகில் உள்ள எச்சரிக்கை மையத்தில் அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகத் திரை காட்டியது. முதலில் ஒன்று, பிறகு மேலும் நான்கு. பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடுப்பவர்கள் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டார்கள் என்று யோசித்து, கருவிக் கோளாறு என மேலிடத்துக்குச் சொன்னார். உயர மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணைச் சுடர் என எடுத்துக்கொண்டது பிறகு தெரிந்தது. அன்று உலகில் எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் போன ஒரு நாளுக்கும் பலகையில் இடம் உண்டு என்பதை உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பழங்கால நிகழ்ச்சிகளுக்குத் தேதி கேட்டு வந்த குறிப்புகளில் பலவற்றை ஏற்க முடியவில்லை. ஆதாரம் இருந்தால் எவ்வளவு பழையதானாலும் சரி. கௌகமேலாவில் அலெக்சாந்தர் பாரசீக மன்னர் தாரியஸை வென்றது கி.மு. 331 அக்டோபர் 1 என்று எழுத முடிகிறது. போருக்கு 11 நாள் முன்பு சந்திர கிரகணம் வந்ததும், பாபிலோனிய வானியலாளர்கள் களிமண் பலகையில் நாள்வாரியாகக் குறித்து வைத்ததும்தான் காரணம். மறுபக்கம் ஷேக்ஸ்பியர் பிறந்த நாள் எங்கும் பதிவில்லை. இருப்பது 1564 ஏப்ரல் 26, ஞானஸ்நானப் பதிவு. நாம் எழுதியதும் அதையே.

நிர்வாக விவரங்கள்: மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிய உறுப்பினர்களில் மாணவர்கள் அதிகம். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்து ஒப்பமிட்டிருக்கிறார், பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். தேதிக் குறிப்பு அட்டைகளை நீண்ட காலம் ஒழுங்காகக் காத்துவந்த மூத்த உறுப்பினர் இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்தார். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பென்சிலால் எழுதும் அவர் வழக்கத்தைத்தான் இப்போது எல்லோரும் பின்பற்றுகிறோம். அவருக்கு இச்சபை அஞ்சலி செலுத்துகிறது.

வரும் ஆண்டில் அறிவியல், மருத்துவம், தொழிலாளர் இயக்கம் ஆகிய துறைகளுக்குக் குறிப்புகள் அதிகம் தேவைப்படுகின்றன. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பல நாட்கள் இன்னும் ஆள் இல்லாமல் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அட்டைப் பெட்டிக்கு அருகில் உள்ள பதிவேட்டில் தேதியையும் பெயரையும் எழுதவும்.

பலகைக்கு எழுதித் தந்தவர்களுக்கும், சரிபார்த்தவர்களுக்கும், கேள்வி கேட்டவர்களுக்கும் செயற்குழுவின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்