ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு ஊர்ப் பாதைகளைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான அறிவிப்பு வெளிவரும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஆலங்குடி வட்டத்துச் சாலைகளில் விடிவதற்கு முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள்ளும் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் கடப்பவருக்கே ஓட்டத்துக்குரிய 60 மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கிறது. வனக்காவலர் பணிக்கோ ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் 4 மணி நேரத்தில் நடந்து கடக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளில் பலர் தார்ச்சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, இருட்டில் ஓடுகிறார்கள் என்பதை உங்கள் இதழின் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஊருக்குள் இருந்த பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப் போனதால்தான் அவர்கள் சாலைக்கு வந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். அடைபட்ட பகுதிகளை மீட்டுவிட்டால் ஓடுவதற்கு ஒரு முழுச்சுற்று இங்கே கிடைக்கும். பெரிய கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்கிலிருந்து தெற்கு மடை வரை கரைமேல் ஒரு மண்பாதை உண்டு. ஒருபுறம் பனைவரிசையும் மறுபுறம் நீர்ப்பரப்புமாக, இரண்டு பேர் இணையாக ஓடும் அகலம் கொண்டது. மடையருகே கரையிறங்கினால் முந்திரித் தோப்புகளுக்கும் பூந்தோட்டங்களுக்கும் இடையே செல்லும் பழைய வண்டிப்பாதை வருகிறது. அது தைலமரக்காட்டை எட்டியதும், தீ பரவாமல் தடுப்பதற்காக மரவரிசைகளுக்கு நடுவே விடப்பட்ட நேர்ப்பாதையோடு சேர்ந்துகொள்கிறது. காட்டின் மறுமுனையில் அய்யனார் கோயில்காட்டின் ஓரமாக வளைந்து ஊருக்குத் திரும்பிவிடலாம். மொத்தத் தூரம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மிகும். ஊர்த்தெருவைத் தவிர வேறெங்கும் தார் கிடையாது.

ஓட்டப் பயிற்சிக்கு வேண்டியது எல்லாம் இந்த ஒரு சுற்றிலேயே இருக்கிறது. கண்மாய்க்கரை மேடுபள்ளமின்றி நேராகச் செல்வதால் வேக ஓட்டத்துக்கு ஏற்றது. வண்டிப்பாதையில் கோடைக்காலத்தில் கணுக்கால் புதையும் அளவுக்குப் பொடிமண் சேர்ந்துவிடும். அதில் ஓடுபவருக்கு வேகம் குறையும், கெண்டைக்கால் வலுக்கும். தைலமரக்காட்டின் செம்மண் தரை மழை பெய்து ஒருநாள் கழித்து இறுகி, காலுக்கு நல்ல பிடிமானம் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரை வழுக்கும் என்பதால் அந்த மாதங்களில் மட்டும் காட்டுப் பக்கமே ஓடிக்கொள்ளலாம். நான் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், தேய்ந்த காலணியோடும் வெறுங்காலோடும் தார்ச்சாலையில் நாள்தோறும் ஓடி, முன்னங்கால் எலும்பில் வலியெடுத்து, தேர்வு நாளுக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திக்கொண்ட பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். மண்பாதையில் பழகியவர்களுக்கு அந்த வலி வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மாணவர்களிடையே அது மிகவும் குறைவாகவே இருந்தது.

இது ஓட்டக்காரர்களின் மாவட்டம் என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2016-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்ற சூர்யாவும், 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்ற லட்சுமணனும் புதுக்கோட்டையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பின் வரவேண்டிய பிள்ளைகள் பந்தயக் களத்தைக் காண்பதற்குள் சாலையோரத்தில் உயிருக்கு அஞ்சி ஓட வேண்டியிருப்பது பெரும் வேதனை.

பாதைகள் ஏன் அடைபட்டன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்வும் அதிலேயே இருக்கிறது. வண்டிப்பாதை என்பது மாட்டுவண்டி போனதால் பாதையாக இருந்தது. உழவுமாடுகள் குறைந்து, டிராக்டரும் சரக்கு வண்டியும் தார்ச்சாலை வழியே சுற்றிப் போகத் தொடங்கியபின், அந்தப் பாதையில் தினமும் போய்வர ஆளில்லாமல் போயிற்று. ஆள் நடமாட்டம் நின்ற இடத்தில் முதலில் சீமைக்கருவேலம் முளைக்கிறது. பிறகு பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுகிறார். சில ஆண்டுகளில் பாதை இருந்த சுவடே மறைந்துவிடுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டபோது சாய்ந்த மரங்கள் பல பாதைகளை அடைத்துக்கொண்டன. வாழ்வாதாரத்தையே இழந்து நின்ற மக்கள் தோப்புகளைத் திரும்ப எழுப்பியபோது பாதையின் எல்லையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிலத்தின் பதிவுகள் புயலில் அழிந்துவிடவில்லை. வண்டிப்பாதைப் புறம்போக்கு கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் ‘அ’ பதிவேடு எனப்படும் நிலப்பதிவேட்டிலும் இன்றும் இருக்கிறது. கண்மாய்க்கரைக்குக் கூடுதல் பாதுகாப்பாக, ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் இயற்றப்பட்ட 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஊராட்சிச் சாலைகளைப் பராமரிப்பது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. புதிதாக நிலம் கையகப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. இருப்பதை அளந்து மீட்டாலே போதும்.

மீட்ட பாதை மறுபடியும் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் அதில் நாள்தோறும் கால் பட வேண்டும். வண்டிகள் விட்டுச்சென்ற அந்த வேலையை இன்று செய்யக்கூடியவர்கள் இந்த ஓட்டக்காரப் பிள்ளைகள்தாம். அவர்கள் ஓடும் பாதையில் காலையில் பூப்பறிக்கப் போகும் பெண்களும், ஆடு ஓட்டிச் செல்வோரும், நீரிழிவுக்காக நடக்கச் சொல்லப்பட்ட முதியவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் காவல்துறைத் தேர்வுக்கு ஆர்வத்தோடு விண்ணப்பிக்கும் பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். ஆனால் விடியற்காலையில் சாலையில் தனியாக ஓடும் பெண்ணைப் பின்தொடர்ந்து வரும் இருசக்கர வாகனங்களுக்குப் பயந்து, வீட்டார் சில நாளிலேயே அவளை நிறுத்திவிடுகிறார்கள். காட்டுப்பாதையும் தனியாக ஓடுவதற்கு உகந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பூந்தோட்டங்களை ஒட்டிச் செல்லும் வண்டிப்பாதையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கும் பெண்கள் விடியுமுன்பே நிறைந்திருப்பார்கள். அத்தனை அக்காக்களும் அத்தைமார்களும் பார்த்துக்கொண்டிருக்கும் பாதையைவிடப் பாதுகாப்பான பயிற்சிக்களம் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது அரிது. 400 மீட்டர் ஓட்டத்துக்கு அந்தப் பகுதி ஒன்றே போதுமானது.

காடு குறித்து இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். ஆகவே தைலமரக்காட்டின் தீத்தடுப்புப் பாதையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் ஓடலாம் என்று வனத்துறையே எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். மரம் வெட்டும் காலத்திலும் தீ அபாயம் மிகுந்த கோடை நாள்களிலும் அதை நிறுத்திவைக்கலாம். 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறையான ஒழுங்குகளோடு மக்களுக்குத் திறந்துவிட்ட துறைக்கு இது பெரிய காரியமன்று. அடுத்தது கோயில்காடு. வீரையும் காசாவும் பாலையும் செறிந்த இக்காடுகள் இப்பகுதியின் பழைய இயற்கைக் காட்டின் எஞ்சிய துண்டுகள். அய்யனாருக்கு அஞ்சி ஒரு சுள்ளியைக்கூட எடுக்காமல் ஊரார் காத்து வந்தவை. பாதை அதன் ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். உள்ளே ஓடுவதற்காக ஒரு செடியைக்கூட வெட்டக் கூடாது.

ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் கலைஞர் விளையாட்டுத் தொகுப்புத் திட்டம் 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 நவம்பர் 4-ஆம் நாள், ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கப்பட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. நான் கேட்பது இவற்றின் தொடர்ச்சிதான்: கண்மாயும் காடும் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் ஓட்டப்பாதை. அதற்குச் செலவு மிகக் குறைவு. நில அளவையர் ஒருநாள் வந்து எல்லையைக் காட்ட வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும். கரைமேல் 400, 1,500, 1,600 மீட்டர் தூரங்களை அளந்து கல் நட வேண்டும். இப்போது பிள்ளைகள் தந்திக்கம்பங்களை எண்ணித் தூரத்தை உத்தேசமாகக் கணக்கிட்டுப் பழகுகிறார்கள். தேர்வுக் களத்தில் சில வினாடிகளில் வாய்ப்பை இழந்து திரும்பும்போதுதான் அந்த உத்தேசத்தின் விலை அவர்களுக்குத் தெரிகிறது.

ஒரு வேண்டுகோள் மட்டும் உறுதியாக: பாதையை மேம்படுத்துகிறோம் என்று சிமெண்டு போட வேண்டாம், சதுரக் கற்களும் பதிக்க வேண்டாம். கண்மாய்க்கரையில் உடைப்பு இருந்தால் மண்ணைக் கொட்டி இறுக்கினால் போதும். காட்டோரத்தில் மின்விளக்குகளும் தேவையில்லை. பாம்பு நடமாட்டம் உள்ள இடமாதலால் நன்றாக வெளுத்த பிறகே அந்தப் பகுதிக்குள் ஓட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே எங்கள் ஊரின் வண்டிப்பாதையை அளந்து மீட்பதற்கான தீர்மானத்தைக் கொண்டுவரப் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி வருகிறோம். தீர்மானம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பாகத் தங்கிவிடாமல், அடுத்த காவலர் தேர்வு அறிவிப்புக்கு முன்பாக நில அளவையரை அனுப்பிவைக்குமாறு மாவட்ட ஆட்சியர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.