பேட்டரியைக் காலியாக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லேப்டாப் பராமரிப்புக் குறிப்புகளில், மாதம் ஒரு முறை பேட்டரியை முழுவதும் காலியாக்கி, பிறகு நூறு சதவீதம் ஏற்றினால் ஆயுள் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். அந்தக் குறிப்பு தவறு என்பதால் எழுதுகிறேன்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட யோசனை அது. பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் அவற்றின் திறன் குறைவதுண்டு. 1991-இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு அந்தக் குணமே கிடையாது. இன்றைய லேப்டாப்கள் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். எப்போதாவது முழுவதும் இறக்கி ஏற்றினால் திரையில் காட்டும் சதவீதக் கணக்கு சரியாகும், அவ்வளவுதான். பேட்டரிக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

அப்படியானால் பேட்டரி ஏன் தேய்கிறது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்மின்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. முதல் சில சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். அது தேவையான படலம்தான். அது இல்லாவிட்டால் அயனிகள் போய்வர உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் படலம் வளர்வது நிற்பதில்லை. வளரும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. போன லித்தியம் திரும்பி வராது. லேப்டாப்பைத் தொடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். சூட்டிலும், முழு சார்ஜிலும் வேகமாக நடக்கும்.

"எப்பவும் சார்ஜரில்தான் போட்டிருந்தேன், பேட்டரியை உபயோகிக்கவே இல்லை, எப்படிப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நாள் முழுக்க நூறு சதவீதத்தில், அதாவது ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் அல்லது அதற்கும் சற்று மேலான மின்னழுத்தத்தில், காற்றுத்துளைகளை மெத்தையில் புதைத்து வைத்தால் சூடும் முழு சார்ஜும் சேர்ந்துகொள்கின்றன. உபயோகிக்காமலேயே பேட்டரி கெட்டுப்போவது இப்படித்தான்.

உபயோகத்தாலும் தேய்மானம் உண்டு. லித்தியம் உள்ளே வரும்போது கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் உப்பும், வெளியேறும்போது சுருங்கும். மேலே இருக்கும் படலம் விரிசல் விட, அங்கே புதுப் படலம் முளைக்கும், அதற்கும் லித்தியம் செலவாகும். பூஜ்யம் முதல் நூறு வரை போய்வந்தால் இந்த உப்பலும் சுருக்கமும் அதிகம். நீங்கள் சொன்ன யோசனை இங்கேதான் கெடுதல் செய்கிறது. காலியான நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டால் இன்னும் மோசம். மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும்போது உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும், மறுபடி சார்ஜ் போட்டால் ஷார்ட் ஆகலாம். அதனால்தான் அப்படி இறங்கிய பேட்டரியில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை ஏற்க மறுக்கிறது. எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

முப்பது சதவீதம் காட்டும்போதே லேப்டாப் பட்டென்று அணைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பார்கள். வயதான பேட்டரியில் உள் மின்தடை கூடிவிடும். கனமான வேலை கொடுத்த நொடியில் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது.

உங்கள் குறிப்பில் இருந்திருக்க வேண்டியது எண்பது சதவீத வரம்பு, அதாவது எண்பதோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும் அமைப்பு. பல லேப்டாப்களில் இது பயாஸிலோ (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்), தயாரிப்பாளரின் மென்பொருளிலோ இருக்கிறது. வாங்கும்போது பெரும்பாலும் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. தேய்மானத்தை அளக்க விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு) 50,000 மில்லிவாட் மணி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழு சார்ஜில் கொள்வது) 31,000 என்று இருந்தால் மிஞ்சியிருப்பது 62 சதவீதம்.

இன்னொன்றையும் அவசியம் வெளியிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகிப்போனாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். மின்பகுதிரவம் சிதைந்து வந்த வாயு அது. உடனே அணைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவே கூடாது, தீப்பிடித்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். திருத்தத்துக்கு அடுத்த இதழில் இடம் குறைவு என்றால், இந்தப் பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்